ஒரு கரண்டிப் பூவின் எடை

நீங்கள் கடைசியாக வாங்கிய மூலிகைப் பொட்டலத்துக்குள் இருந்த பூவைக் காயவைத்தது யார் என்று கேட்டீர்களா? விலை கேட்டிருப்பீர்கள். எந்த நோய்க்கு நல்லது என்று கேட்டிருப்பீர்கள். அட்டையில் அச்சடித்திருந்த பச்சை இலையைப் பார்த்து, இயற்கையே நேரில் வந்து கட்டிக்கொடுத்தது போல நம்பியும் இருப்பீர்கள். இயற்கைக்குப் பொட்டலம் கட்டத் தெரியாது. யாரோ ஒரு பெண் கிள்ளி, பரப்பி, புரட்டி, முகர்ந்து, பொறுக்கிய பிறகுதான் அது உங்கள் அடுக்களைக்கு வருகிறது. அப்படிப்பட்ட ஒருவரின் கதை இது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தெருவில் எல்லோருக்கும் அவர் சருகம்மா. பட்டப்பெயர் சூட்டியவர் கீழ்வீட்டில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். மாடிப்படியில் தினமும் நாலு இதழ் உதிர்ந்து கிடப்பதைக் கூட்டித் தள்ளி அலுத்துப்போய், வீடெல்லாம் சருகு, படியெல்லாம் சருகு, ஆளுக்கும் அதே பெயர் இருக்கட்டும் என்று அவர் ஒருநாள் சலித்துக்கொண்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. சருகம்மாவுக்குக் கோபம் வரவில்லை. உங்கள் கடையில் உதிர்வதைவிட என் சருகு பரவாயில்லை, இதையாவது வெந்நீரில் போடலாம் என்று திருப்பிக் கொடுத்தார்.

பூவுக்கு வருவதற்கு முன் அவர் துணியில் இருந்தார். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில், உலர்த்தும் அறையில், பதினோரு ஆண்டு வேலை. அந்த அறையின் ஒரே ஜன்னலைத் தூசி வருகிறது என்று சொல்லி ஆணி அடித்து மூடியிருந்தார்கள். நோயாளியின் போர்வைமேல் தூசி படக்கூடாது, நியாயம்தான். போர்வையை உலர்த்துகிற பெண் மயங்கி விழலாம், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஒரே கோடையில் மூன்று பேர் மயங்கி விழுந்த பிறகு, ஜன்னலுக்கு ஒரு வலை அடித்துவிட்டுத் திறந்து வையுங்கள் என்று சருகம்மா மனு எழுதினார். சேர்ந்து கையெழுத்துப் போடுவதாகச் சொன்ன எட்டுப் பேரும் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட, ஒற்றைக் கையெழுத்தோடு மனு போனது. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள். ஜன்னல் இன்னும் மூடியே இருப்பதாகக் கேள்வி.

அந்த அறை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு. சூடு மட்டும் இருந்து காற்று நகராவிட்டால் ஈரம் போவதில்லை. வேறிடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. துணிக்கு உண்மையானது பூவுக்கும் உண்மை என்று கண்டுகொண்டார். அவ்வளவுதான் அவருடைய முதலீடு.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. மகள் வேலை கிடைத்துப் போனபின் காலியான அறை பூவுக்கு ஆனது. பக்கத்துக் கட்டடத்தில் கழற்றி எறிந்த கொசுவலை ஜன்னல் சட்டங்கள் பதினாறு. அவற்றைக் கயிறு கட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு சாண் இடைவெளியில் தொங்கவிட்டிருக்கிறார். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் திறந்தே இருக்கும். கறுப்புத் துணித் திரை வெயிலை மட்டும் தடுக்கும். மேசை விசிறி சுவரைப் பார்த்தபடி சுற்றும். நேரே பூவின்மேல் வீசினால் இதழ்கள் அறையெங்கும் பறந்துவிடும். சுவரில் பட்டுத் திரும்புகிற காற்றே போதும்.

தெருவில் உள்ள ஒன்பது வீட்டுத் தோட்டங்களில் செம்பருத்தி கிள்ளிக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு. பனி ஈரம் உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் கிள்ளிவிட வேண்டும். அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணத்தைக் கழற்றிவிட வேண்டும். அது தண்ணீரைப் பதுக்கிவைத்துக்கொண்டு, பிறகு மொத்தப் பூவையும் பூசணம் பிடிக்க வைத்துவிடும். இதழ்மேல் இதழ் படாமல் பரப்ப வேண்டும். தினமும் காலையில் ஒருமுறை புரட்டிவிட்டு, ஒரு சட்டத்தை மட்டும் சின்னத் தராசில் வைத்து எடை பார்ப்பார். இரண்டு நாள் தொடர்ந்து எடை இறங்காவிட்டால் இதழை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிவைப்பார். மறுநாள் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தால் பூ பொய் சொல்லியிருக்கிறது என்று பொருள். மறுபடியும் சட்டத்துக்குப் போக வேண்டியதுதான். இதில் எங்கும் மந்திரம் இல்லை. அளந்து பார்ப்பது, சந்தேகப்படுவது, மறுபடி அளந்து பார்ப்பது. ஆய்வுக்கூடங்களில் நடப்பதும் இதுவேதான். அங்கே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொள்வார்கள்.

காய்ந்த பூவை ஒரு மூலிகைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். முன்பு கைப்பேசிக்கு உறை விற்றவர். இப்போது ஆரோக்கியம் விற்கிறார். வாரம் ஒருமுறை அவருடைய வண்டி வந்து தகர டப்பாக்களை எடுத்துப்போகும். பொட்டலம் கட்டுவதும் அட்டை ஒட்டுவதும் கடையின் பின்பக்கம் நடக்கிற வேலை. சருகம்மா அங்கே போனதில்லை. ஒவ்வொரு டப்பாவிலும் அவர் ஒரு சீட்டுக் கட்டி அனுப்புவார். பூவின் பெயர், கிள்ளிய தேதி, காய்ந்த தேதி, கடைசியாக ஒரு வரி: ஒரு கூஜா வெந்நீருக்கு மூன்று கரண்டி. தேநீர் நல்ல சிவப்பாக வர எவ்வளவு போட வேண்டும் என்று தொடக்கத்தில் கடைக்காரர் கேட்டதற்கு எழுதிய பதில் அது. பிறகு பழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு நாலு பேர் வந்தால் ஒரு கூஜா தேநீர் போடுவோமே, அந்தக் கணக்கு.

நாலு வருடம் இப்படி நன்றாகவே போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய அக்கா மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார். அக்காவின் கணவர், சருகம்மாவுக்கு மாமா, லாரி எடைமேடையில் முப்பது வருடமாக வேலை செய்பவர். லாரி மேடையில் ஏறியதும் எடையைப் பார்த்துச் சீட்டெழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. பத்துக் கிலோ வித்தியாசத்துக்குக்கூட தன்னை ஒருவனும் ஏமாற்றியதில்லை என்று பெருமையடித்துக்கொள்ளாமல் அவருக்கு ஒரு விருந்தும் இறங்காது. அப்படிப்பட்டவர் முந்தின நாள் மேடை அறையின் படியிறங்கும்போது தலை சுற்றி, கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு லாரி ஓட்டுநர்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

“நாப்பது நாளா ரத்தக் கொதிப்பு மாத்திரைய தொடவே இல்ல” என்றார் அக்கா. “எனக்கே நேத்துதான் தெரியும். டப்பாவ திறந்து பாத்தா எல்லாம் அப்படியே இருக்கு. கேட்டா இதைக் காட்டறார்.”

பையிலிருந்து அவர் எடுத்தது கடைக்காரரின் பொட்டலம். உள்ளே இருந்தது சருகம்மா காயவைத்த செம்பருத்தி. தன் இதழை அவருக்கு அடையாளம் தெரியும். அட்டையில் கொட்டை எழுத்தில், ‘ரத்தக் கொதிப்புக்கு இனி மாத்திரை எதற்கு?’ அதன் கீழே, ‘தினம் மூன்று கரண்டி. தொண்ணூறே நாள்.’ அதற்கும் கீழே சின்ன எழுத்தில், ‘வீட்டில் நிழலில் கைபார்த்து உலர்த்தியது.’

அந்தக் கடைசி வரி உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு பொய்யை விற்க அதன் பக்கத்தில் ஓர் உண்மையை உட்காரவைக்க வேண்டும் என்பது வியாபாரத்தில் பாலபாடம். பத்து நாள் பூவைப் புரட்டிப் புரட்டி ஒரு பெண் காப்பாற்றிய நேர்மையை எடுத்து, மேலே இருந்த மோசடிக்கு முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

சருகம்மா சட்டங்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அந்த மூணு கரண்டி நான் எழுதினது, அக்கா” என்றார்.

அவரே வருடக்கணக்காக மாமா வீட்டுக்குச் செம்பருத்தி கொடுத்திருக்கிறார். மாமா அதைத் தேநீராகக் குடித்தார். மாத்திரையை அதுபாட்டுக்குப் போட்டுக்கொண்டார். சும்மா வந்தபோது அது தேநீராகத்தான் இருந்தது. அட்டை ஒட்டிக் கடையில் நின்றதும் அதே பூ அவருக்கு மருந்தாகிவிட்டது.

சருகம்மா முகம் கழுவிக்கொண்டார். சின்னத் தராசையும், அந்தப் பொட்டலத்தையும், ஒரு தேக்கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு அக்காவோடு இறங்கினார்.

மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது, பேச்சில் மட்டும் குறைவில்லை. வெயிலில் நின்றதால் வந்த மயக்கம், அவ்வளவுதான் என்றார். மாத்திரை உடம்பைக் கெடுக்கும், பூ கெடுக்காது என்றார். மருத்துவரிடம் போகலாம் என்று அக்கா சொன்னதும்தான் உண்மையான கோபம் வெளியே வந்தது.

“ரெண்டு வருஷமா போறேன். அந்த டாக்டர் ஒரு நாளாவது என் முகத்த பாத்திருக்காரா? நான் உள்ள போறப்பவே பழைய சீட்ட பாத்து எழுத ஆரம்பிச்சிடறார். இருமி இருமி தொண்டை புண்ணாச்சு, அத சொல்ல வாயெடுத்தா அடுத்த ஆளுக்கு மணி அடிக்கறார். இந்த அட்டையாவது என்கிட்ட ஒரு வார்த்தை பேசுது.”

இதைக் கேட்டுவிட்டு, படிக்காத ஜனங்கள், மூடநம்பிக்கை என்று தலையாட்டுகிறவர்கள்மேல்தான் எனக்கு முதல் கோபம். மாமா முட்டாள் இல்லை. இரண்டு நிமிடத்தில் துரத்திவிடப்பட்டவர். துரத்தப்பட்டவர் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதற்குள் நுழைவார். மோசடிக்காரனின் கதவு எப்போதும் திறந்தே இருக்கும், உள்ளே நாற்காலியும் போட்டிருப்பான்.

சருகம்மா வாதாடவில்லை. தராசை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“மாமா, இதுல மேலாக ஒரு கரண்டி எடுங்க.”

மாமா எடுத்தார். பொட்டலத்தின் மேல்பகுதியில் முழு இதழ்கள் சுருண்டு விரைப்பாக இருந்தன. கரண்டியில் நாலைந்துதான் நின்றன. தராசு அரைக் கிராமுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. நடுவிலிருந்து இரண்டாவது கரண்டி. பாதி இதழ், பாதி நொறுங்கல். ஒரு கிராமைத் தாண்டியது. அடியிலிருந்து மூன்றாவது கரண்டி, முழுக்க நொறுங்கிய தூள். இரண்டரைக் கிராம்.

“தராசுல கோளாறு” என்றார் மாமா. எழுந்து உட்கார்ந்து, தனக்கு எடை தெரிந்த ஒரு நாணயத்தை வைத்துச் சோதித்தார். சரியாகக் காட்டியது. இரண்டு நாணயம் வைத்தார். அதுவும் சரி. கரண்டியைத் தலைதட்டி அள்ளினார், குவித்து அள்ளினார். ஒவ்வொரு தடவையும் வேறு எண். சிறிது நேரம் நாணயத்தையும் பூவையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாயைத் திறக்கப் போனபோது சருகம்மா கையைப் பிடித்து அடக்கினார்.

“ஒரே லாரி மூணு தடவ மேடையில ஏறி மூணு எடை காட்டினா, சீட்டுல கையெழுத்து போடுவீங்களா மாமா?”

“போட மாட்டேன்.”

“அப்புறம் உங்க உயிருக்கு மட்டும் எப்படி போட்டீங்க?”

 மாமா சட்டையை எடுத்துத் தரும்படி அக்காவிடம் கைநீட்டினார்.

அன்று பிற்பகலே வேறொரு மருத்துவமனைக்குப் போனார்கள். செவிலி கையில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை பார்த்தார். மேல் எண் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. மருத்துவர் ஒரு சின்ன வயதுப் பெண். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். மாமா இருமலைச் சொன்னார்.

“அந்த மாத்திரையில சிலருக்கு வறட்டு இருமல் வரும் ஐயா. வந்தா நிறுத்தாதீங்க, வந்து சொல்லுங்க. மாத்தறதுக்கு வேற மாத்திரை இருக்கு.”

இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடம் முன்பே யாராவது அந்த அரை நிமிடத்தைக் கொடுத்திருந்தால் கடைக்காரரின் அட்டைக்கு இந்த வீட்டில் வேலையே இருந்திருக்காது. மருத்துவர் பொட்டலத்தையும் வாங்கிப் பார்த்தார். செம்பருத்தி வகையில் ஒன்று ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்வதாகவும், அவை பெரும்பாலும் இதன் உறவுக்காரச் செடி ஒன்றை வைத்து நடந்தவை என்றும், எதுவானாலும் மாத்திரையின் இடத்தில் இதை வைக்க முடியாது என்றும் பொறுமையாகச் சொன்னார். பிடித்திருந்தால் ஒரு குவளை குடியுங்கள், ஆனால் குடிப்பதை என்னிடம் மறைக்காதீர்கள் என்றார்.

மாமா பிழைத்தார். ஆனால் அந்த அட்டை இன்னும் எத்தனை வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறது? மறுநாள் சருகம்மா கடைக்குப் போனார். வாங்குபவர் அந்த ஒருவர்தான். சண்டை போட்டால் பதினாறு சட்டமும் சும்மா தொங்கும் என்பது தெரிந்தே போனார். கடைக்காரர் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார்.

“நானா கற்பனை பண்ணினேன்? நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க, மூணு கரண்டினு.”

“நிறத்துக்கு எழுதினேன்.”

“நிறத்துக்கு யாருங்க காசு குடுப்பாங்க?”

நீங்கள் பூ தராவிட்டால் இன்னும் ஏழு பேர் தருகிறார்கள் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. அத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சருகம்மாவுக்கு அதுவரை தெரியாது.

டப்பா எடுக்க வண்டி வந்தபோது, அந்த ஏழு பேர் யார் என்று ஓட்டுநரிடம் கேட்டார். சொன்னால் என் வேலை போய்விடும் என்று அவர் முதலில் பதறினார். வண்டியைக் கிளப்பியபின் தலையை வெளியே நீட்டி, “பின்னாடி இடம் இருக்கு. யார் ஏறறாங்கனு நான் திரும்பிப் பாக்கறது வழக்கமில்ல” என்றார்.

ஒரே நாளில் ஏழு வீடும் பார்த்தாயிற்று. ஒருவர் கட்டிலுக்கடியில் ரோஜா இதழ் பரப்பியிருந்தார். தூசி படாமலிருக்க மெல்லிய துணி போட்டிருந்தார். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரரின் மனைவி. பழைய தபால் பைகளை விரித்து அதன்மேல் சங்குப்பூ காயவைத்தார். தங்கள் பூ எந்த அட்டைக்குள் போகிறது என்று எழுவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ரோஜா இதழ் காயவைப்பவர், தன் பூ சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக அச்சாகியிருந்ததைச் சருகம்மா கடையில் வாங்கிக் கொண்டுபோன ரோஜாப் பொட்டலத்தில் படித்துவிட்டு, எனக்கே சர்க்கரை இருக்கிறதே என்று சிரித்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஐந்து பேர் சேர்ந்தார்கள். இருவர் முடியாது என்றார்கள். ஒருவர் வீட்டில் வேறு வருமானமே இல்லை, இன்னொருவருக்குப் பயம். சலவைக்கூடத்து எட்டுப் பேர்மேல் இல்லாத வருத்தம் சருகம்மாவுக்கு இவர்கள்மேலும் இல்லை. ஒற்றைக் கையெழுத்து இப்போது ஆறாகிவிட்டதே என்றுதான் சொன்னார். ஆறு பேரும் தங்கள் டப்பாக்களில் பூவுக்குப் பதில் ஒரே மாதிரியான சீட்டு போட்டு அனுப்பினார்கள். இது காய்ந்த பூ, தேநீருக்கானது. எந்த மாத்திரைக்கும் மாற்று இல்லை. இதை அட்டையில் அச்சடித்த பிறகு பூ வரும்.

கடைக்காரர் முதல் வாரம் சிரித்தார். இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் பூசணம் இல்லாமல் காயவைக்கத் தெரிந்தவர்கள் அந்த ஆறு பேர்தான். வேறு இடத்தில் வாங்கிய பூ கறுத்துப்போய் வந்தது. பத்தொன்பதாவது நாள் அவர் மூன்று மாடி ஏறி வந்து, புது அட்டையின் மாதிரியைக் காட்டினார். செம்பருத்தித் தேநீர், கிள்ளிய தேதி, காய்ந்த தேதி, ‘மருந்துக்கு மாற்று அல்ல’. கடைசி வரியின் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சருகம்மா திருப்பி அனுப்பினார். பெரிதாகி வந்தது. ரோஜாப் பொட்டலத்திலிருந்தும் சர்க்கரை நோய் போனது. அதில் ‘முகம் பொலிவு பெறும்’ என்ற வரி மட்டும் இன்னும் போகவில்லை, சண்டை நடந்துகொண்டிருக்கிறது. முடியாது என்ற இருவரில் ஒருவர் இப்போது இவர்களோடு சேர்ந்துவிட்டார்.

மாமாவின் எண்கள் இறங்கிவிட்டன. இருமல் போய்விட்டது. ஞாயிறுதோறும் எடைமேடை அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கிய சின்ன எடைக்கல்லோடு மாடியேறி வந்து, சருகம்மாவின் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறார். யாரும் கூப்பிடவில்லை. சோதித்து முடித்ததும் ஒரு குவளைச் செம்பருத்தித் தேநீர் குடிக்கிறார். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால், நீ என்ன டாக்டரா என்கிறார்.

ஆனால் பழைய அட்டை ஒட்டிய பொட்டலங்கள் திரும்பி வரவில்லை. விற்றவை விற்றவைதான். இந்தக் கடைக்காரர் ஒருவர். இவரைப் போல் எத்தனை பேர், எத்தனை பூ, எத்தனை இலை, எத்தனை தொண்ணூறு நாள். ஏழு பெண்கள் அத்தனையையும் தேடிப் போக முடியாது. அதனால் உங்களிடம் கேட்கிறேன். எழுந்து போய் உங்கள் அலமாரியில் இருக்கும் பொட்டலத்தை எடுத்து, சின்ன எழுத்து வரை படியுங்கள். எந்த மாத்திரையையாவது விடச் சொல்கிறதா? அப்படியானால் விற்றவருக்கு, எந்த ஆதாரத்தில் இப்படி அச்சடித்தீர்கள் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். அதன் நகலை உங்கள் ஊர் சுகாதார அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அதற்கும் முன்னால், வீட்டில் அந்தப் பொட்டலத்தைக் குடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரை போடுகிறீர்களா, நிறுத்திவிட்டீர்களா, நிறுத்தியிருந்தால் ஏன் என்று திட்டாமல் கேளுங்கள். பதிலுக்காகக் காத்திருங்கள். பிறகு அவரை இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.